குஞ்சு எழுதி வைத்த வழி: எட்மண்டனிலிருந்து மியூசியம், பிறகு தேம்ஸ்

குஞ்சு, கடைசியில் நான் போய்விட்டு வந்தேன். நீ மூன்று தரம் கூப்பிட்டும் வராதவள், நீ இல்லாத ஒரு சனிக்கிழமையில் தனியாகப் போனேன்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இதை எனக்குத் தொடங்கித் தந்தவள் என் மகள் குஞ்சு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு எந்த பஸ், எங்கே டொய்லெட், எத்தனை மணிக்கு அன்னதானம் என்று நான் சொல்லச் சொல்ல, அவள் பிழை திருத்திப் போடுவாள். இங்கிலீஷ் வாசிக்க ஏலாத பெண்களுக்கு உதவும் என்று நினைத்தாள். பெப்ரவரியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், பத்தாம் நாள் இல்லை. பத்தொன்பது வயது. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். இனிப் பிழை இருந்தால் திருத்த ஆளில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் யூனிவர்சிட்டியில் எடுத்த பாடம், ஆற்றங்கரைகளில் முதல் முதல் ஊர்களும் அரசர்களும் எப்படி வந்தார்கள் என்பது. ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்ததே இவளை டொக்டராக்கத்தான். அந்த எரிச்சல் எனக்கு. ஒருநாள் சோறு போடும்போது விளக்கம் சொன்னாள்.

"அம்மா, ஆறு வண்டல் கொண்டு வந்து போடும். பயிர் நல்லா விளையும். சாப்பிட்டு மிஞ்சினதை ஒரு இடத்திலை சேர்த்து வைப்பினம். அதுக்குக் காவலுக்கு ஒருத்தன் வேணும். காவலுக்கு நிண்டவன்தான் பிறகு ராசா."

"அப்ப உன்ர அப்பாவும் இருபது வருசமா செக்யூரிட்டிதானே. எப்ப ராசாவாறார்?" என்றேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டே, "முதல்லை நைட் ஷிப்ட்டை மாத்தித் தரட்டும்," என்றார். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்த வாயாலேயே நான், "செத்த ராசாக்களைப் படிச்சு ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்றும் கேட்டேன். அவள் கையைக் கழுவிவிட்டு மேலே போய்விட்டாள்.

அந்தக் கிழமைதான் ஃபிரிட்ஜில் ஒரு தாளை ஒட்டினாள். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத் தமிழ், கோணல் கோணலான எழுத்து. "அம்மா டூர். 1. ஊர் ராணி. 2. எகிப்து. 3. தேம்ஸுக்கு நடப்பம். அங்க உங்களுக்கு ஒண்டு சொல்லுவன்." முதல் தரம் எனக்கு ஷிப்ட். இரண்டாம் தரம் கோயில். மூன்றாம் தரம் ஒன்றுமில்லை, கால் நோகுது என்று பொய் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்தோம். ஆனால் சாம்பலைக் கரைக்க நான் விடவில்லை. ஒன்பது மாதமாக அது அவளுடைய மேசையில்தான் இருக்கிறது. செவன் கிங்ஸில் இருக்கும் மச்சாள்தான் விடுகிறா இல்லை. "கீரிமலைக் கடலுக்குக் கொண்டு போங்கோ, இல்லாட்டி இஞ்சை ஆத்திலை கரையுங்கோ. வீட்டிலை வைச்சிருந்தால் பிள்ளை அலைஞ்சு திரியும்," என்றா. அதைச் சொன்னபோது அவவின் மூன்று பிள்ளைகளும் என் சோபாவில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் பிள்ளைகள் முழுசாக இருக்கிறவர்களுக்கு என்னத்தையும் சொல்ல ஏலும். "நீரே முடிவெடும்," என்றார் இவர், குஞ்சுவின் அப்பா. முடிவெடுக்க முன்னம் அந்தத் தாளில் உள்ளபடி ஒருக்கால் போய்விட்டு வருவோம் என்று நினைத்தேன்.

காலை எட்டுப் பத்துக்கு எட்மண்டன் கிறீனில் 259 பஸ். ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். கிங்ஸ் குரோஸ் போய்ச் சேர ஒன்பது இருபத்தைந்து. அங்கிருந்து மியூசியத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், நான் மெல்ல நடந்து இருபத்தெட்டு நிமிடம். பத்து மணிக்குத் திறப்பார்கள், உள்ளே போகக் காசு இல்லை. வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள். ஃபொயிலில் சுற்றிய நாலு மட்டன் ரோல்ஸ் இருந்தது. அவளுக்குப் பிடித்தது, விடிய எழும்பிப் பொரித்தேன். ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள்.

ஊர் ராணி மேல்மாடியில் இருக்கிறா. எங்கள் ஊர் இல்லை, 'ஊர்' என்றே பேர் வைத்த, ஆற்றங்கரைப் பழைய பட்டினம் ஒன்றின் ராணி. தங்க இலைகள் வைத்த தலைச்சோடனை. பக்கத்தில் உள்ள எழுத்தைப் போனில் படம் பிடித்தால் தமிழில் மாற்றித் தரும், அரைகுறையாக விளங்கும். ராணி செத்தபோது வேலைக்காரர்களையும் கூடவே குழிக்குள் அனுப்பியிருக்கிறார்கள். பெண்கள் தலைக்குச் சோடித்துக்கொண்டு போய்க் கிடந்திருக்கிறார்கள். ராணிக்குப் பேர் எழுதியிருக்கிறது. அந்தப் பெண்களுக்கு இல்லை. அவர்களுக்கும் எங்கேயோ ஒரு தாய் இருந்திருப்பாள் என்று ஒரு வரி எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. செத்த பிறகும் ஒரு ராணிக்குத் துணைக்கு இத்தனை பேர். என் பிள்ளை தனியாகத்தான் போனாள்.

பிறகு எகிப்து. அங்கே உருவம் செதுக்கிய ஒரு கல்லின் முன்னால் நின்றுவிட்டேன். செத்த ஆள் கதிரையில் குந்தியிருக்கிறார். முன்னால் மேசை. மேசை நிறைய ரொட்டி, வாத்து, இறைச்சி. இதற்குப் போன் தேவைப்படவில்லை. எட்டுச் செலவுக்கு, செத்து எட்டாம் நாளில், நாங்கள் படைப்பதுதான். அவர்கள் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், நாங்கள் வாழையிலையில் வைக்கிறோம், அவ்வளவுதான். நான் யோசிக்கவில்லை. ஃபொயிலை விரித்து, ரோல்ஸை அந்தக் கல்லுக்குக் கீழே நிலத்தில் வைத்துக் கும்பிட்டேன்.

"அக்கா, இதிலை சாப்பாடு வைக்கேலாது," என்று பின்னால் ஒரு குரல். மியூசியக் காவலாளி. எங்கள் ஆள்தான், நரைத்த மீசை.

"ஏன், இவருக்கு வைச்சிருக்குத்தானே?" என்றேன்.

"அது கல்லக்கா. எலி தின்னாது. ஆருக்கு வைச்சனீங்கள்?"

"மோளுக்கு."

அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். "பன்ரண்டு வருசமா இதிலை நிக்கிறன். இவ்வளவு பிரேதத்துக்கும் ஒருத்தர் ஒரு பிடி சோறு கொண்டந்ததில்லை. நீங்கள்தான் முதல்." பிறகு குரலைத் தணித்தார். "எடுங்கோ. மேலதிகாரி வந்தால் எனக்குத்தான் பேச்சு."

"படைச்சதை எறியக்கூடாது, அண்ணை."

"ஆர் எறியச் சொன்னது? படைச்சால் ஆரும் சாப்பிடத்தானே வேணும். தாங்கோ, பிரேக்கிலை சாப்பிடுறன். மட்டனோ?"

"ஓம். உறைப்புக் கூட."

"பிள்ளை உறைப்புக்காரியோ?"

"ஓம்," என்றேன். இரண்டை அவருக்குக் கொடுத்தேன். அவர் கைலேஞ்சித் துணியில் சுற்றி, கோட்டின் உள்பைக்குள் வைத்தார்.

"அங்காலை ஒருத்தர் மணலிலை கிடந்தபடி இருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளையள் வந்து நிண்டு சிரிக்குதுகள். எனக்கு அந்த இடத்திலை டியூட்டி போட்டால் பிடிக்கிறேல்லை. பாக்கிறதெண்டால் பாருங்கோ," என்றார்.

பார்க்கப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மனிதர், முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் படுத்திருந்தார். ராசாக்கள் வருவதற்கு முந்தின ஆளாம். ஆற்றங்கரை மணலின் சூட்டில் தானாகக் காய்ந்து, கெடாமல் இருந்துவிட்டார். தலையில் கொஞ்ச முடி இருக்கிறது. என் குஞ்சும் அப்படித்தான் ஒருக்களித்துப் படுப்பாள். ஒருவன் பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்று, தன்னையும் அவரையும் சேர்த்துப் போனில் படம் எடுத்தான். ஒரு பிள்ளை, "நாறுமா?" என்பதுபோல மூக்கைப் பொத்திச் சிரித்தது. அந்த மனிதரின் தாய் நினைத்திருப்பாள், மணலுக்குள் வைத்தால் பத்திரமாக இருப்பான் என்று. இருந்தான்தான். எல்லாரும் பார்க்கக் கிடக்கிறான்.

அவளுடைய மேசையில் நான் வைத்திருக்கும் சாம்பலை நினைத்தேன்; அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியது எனக்குப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்து, தாளின் மூன்றாவது வரிக்கு நடந்தேன். தேம்ஸுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர், அரை மணித்தியாலம். நடை கஷ்டம் என்றால் பஸ் இருக்கிறது. பாலத்தில் நல்ல காற்று. தண்ணீர் மண் நிறம், வண்டல்தான். கீரிமலையை அவள் ஒருநாளும் கண்டதில்லை. இந்த ஆற்றைத்தான் கண்டவள், இதைத்தான் தாளிலும் எழுதினாள். இவருக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, வாற ஞாயிறு போவம்."

"எங்கை?"

"ஆத்துக்கு. இஞ்சத்தை ஆத்துக்கு."

"சாப்பிட்டனீரோ?" என்றார்.

மீதி இரண்டு ரோல்ஸையும் பாலத்திலேயே நின்று சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது.

போகிறவர்களுக்கு: இலவசந்தான், ஆனாலும் ஒன்லைனில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனால் வரிசை குறைவு. சனிக்கிழமை சனம் கூட, கிழமை நாளில் போங்கள். தேத்தண்ணி உள்ளே நாலு பவுணுக்குக் கிட்ட, போத்தலில் கொண்டு போங்கள். நிலத்தில் சாப்பாடு வைக்காதீர்கள். பெரிய சிலைகளிடம் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அவை எல்லாம் ராசாக்கள் தங்களைத் தாங்களே புகழ்ந்தவை. உங்கள் பிள்ளை கூப்பிட்டால் அந்தச் சனிக்கிழமையே போங்கள். கால் நோகட்டும்.

குஞ்சு, உன் தாளில் இருந்த மூன்றும் பார்த்து முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் உன்னைக் கொண்டு அதே ஆற்றுக்கு வருகிறோம். பாலத்தில் இரண்டு மணி வரைக்கும் நின்று பார்த்தேன். அங்கே எனக்கு என்ன சொல்ல இருந்தாய்?