மத்தியானத்தில் சுகமாயிருப்பவள்

இந்த நாட்டில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கூட முன்கூட்டியே கடிதம் போட்டு, நாளும் மணியும் சொல்லித்தான் வருகிறார். எங்கள் ஊரில் ஒருவருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டால், பாணோ தோடம்பழமோ வாங்கிக்கொண்டு படலையைத் திறந்து வந்துவிடுவார்கள். டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் சின்ன நகரத்தின் கொமூனவில், அதாவது நகரசபையில் இருந்து, இங்கர் என்ற அம்மா ஒரு கோப்போடு வந்தார். எனக்கு உதவிக்கு ஆள் தேவையா என்று பார்த்து எழுதுவது அவருடைய வேலை.

எனக்கு முடக்குவாதம். விடியும்போது விரல்கள் மடங்கா, முழங்கால் நிமிராது. பத்து மணி கழியத்தான் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். என் கணவர் விடிய நாலரைக்கே மீன் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். ஒன்றரை வயது மகள் எழும்பிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். தூக்க ஏலாமல் நான் பக்கத்தில் நின்று தேவாரம் படிப்பேன். சில நாள் அவள் அழுது அழுது அப்படியே திரும்பவும் நித்திரையாகிவிடுவாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் காலையில் மட்டும் ஓர் ஆள் வேண்டும் என்று விண்ணப்பித்தோம்.

இங்கர் வருவதாக எழுதியிருந்தது பிற்பகல் இரண்டு மணிக்கு. வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் நாங்கள் சும்மா இருப்போமா? இவர் அன்று லீவு போட்டு உழுந்து அரைத்துத் தந்தார். நான் நோவுக்கு ஒரு குளிசை கூடுதலாகப் போட்டுக்கொண்டு, இருபது வடை தட்டி எடுத்தேன். வீடு கூட்டி, நல்ல சேலை உடுத்து, திருநீறு பூசிக் குங்குமம் வைத்து வாசலில் நின்றேன். எப்படி இருக்கிறீர்கள் என்று இங்கர் கேட்டார். "கொத்" என்றேன். நல்லம் என்று அர்த்தம். சமையல் எப்படி, கூட்டித் துடைப்பது எப்படி என்று கேட்டதற்கெல்லாம் அதையே சொன்னேன். வந்த ஆளிடம் முதல் வார்த்தையிலேயே நோவைக் கொட்டலாமா? அவர் மூன்று வடை சாப்பிட்டு, கோப்பில் நிறைய எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. நன்றாகச் சமைக்கிறார், வீடு துப்புரவாக இருக்கிறது, தான் நலம் என்று அவரே சொல்கிறார், ஆகவே உதவி தேவையில்லை. இவர் வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்தார்.

"வடை சுட்டுக் குடுத்தால் ஆர் உம்மை வருத்தக்காரி எண்டு நம்புவினம்?"

"வீட்டுக்கு வந்த மனிசியை வெறும் வாயோடை அனுப்பச் சொல்லுறியளோ?"

கோபத்தில் அப்படிச் சொன்னேனே தவிர, இது எனக்குப் புதிது இல்லை. சாவகச்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் மாமி, இவருடைய அம்மா, என்னோடு இருந்தா. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இவர் வெளிநாடு வந்துவிட்டார். நோய் தொடங்கியபோது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். விடிய முற்றம் கூட்டமாட்டேன், தண்ணீர் அள்ளமாட்டேன். மத்தியானம் அதே கையால் கறி வெட்டிச் சமைப்பேன். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? "உன்ரை வருத்தம் வெயிலைக் கண்டால் ஓடிப்போயிடுமோ பிள்ளை?" என்று கிணற்றடியில் நாலு பேர் கேட்க மாமி கேட்டா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு சண்டை முற்றி, கரண்ட் இல்லாத, நெருப்புப்பெட்டியும் அருமையாகப் போன காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை விடிய விளக்கேற்றப் போனேன். குச்சியைப் பிடிக்க விரல் சேரவில்லை. ஒவ்வொன்றாக விழுந்து முறிந்தன. வீணாக்குகிறாய் என்று ஏச வந்த மாமி, நான் சுவாமிப் படத்துக்கு முன்னால் அழுதுகொண்டிருப்பதைக் கண்டு என் கையைப் பிடித்துப் பார்த்தா. விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கொதித்தது.

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"சொன்னனான் மாமி."

மறுநாள் தொடக்கம் மாமிதான் முந்தி எழும்பித் தண்ணீர் அள்ளினா, என் முகம் கழுவித் தலை இழுத்து இறுக்கிப் பின்னிவிட்டா. இவர் என்னை டென்மார்க்குக்குக் கூப்பிட்டபோது மாமி வரமாட்டேன் என்று நின்றுவிட்டா. எப்போதாவது வரும் கடிதத்தில் "நான் நல்ல சுகம்" என்று எழுதுவிப்பா. வடைத்தட்டோடு நின்று நானும் அதைத்தானே சொன்னேன்.

இவர் கொமூனவுக்குப் போய்க் கெஞ்சி, இன்னொரு முறை, அதுவும் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார். அன்று நாலு மணிக்கே எழுப்பிக் குளிசையைத் தந்துவிட்டுப் போகும்படி கேட்டேன். முகமாவது கழுவிக்கொண்டு நிற்கலாம் என்று நினைத்தேன். "வேண்டாம். இருக்கிறபடி இரும்" என்றார். கதவைப் பூட்டாமல் வேலைக்குப் போய்விட்டார்.

முருகா, விளக்கேற்றாத வீட்டுக்குள் ஓர் ஆளை விடுகிறேன், பொறுத்துக்கொள் என்று வேண்டினேன். இங்கர் வந்தபோது நான் இரவு உடுப்போடு, நெற்றி வெறுமையாக, மகளின் கட்டிலில் முழங்கையை ஊன்றி நின்றேன். அவள் கத்திக்கொண்டிருந்தாள். இங்கர் என் கைகளைப் பார்த்தார். பிறகு கோப்பைக் கதிரையில் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கினார். அடுத்த கிழமை தொடக்கம் காலையில் ஒரு பெண் வருவாள் என்று, எனக்கு விளங்கும்படி இரண்டு தரம் மெதுவாகச் சொன்னார்.

மகள் பால் குடித்து அடங்கிய பிறகு, விடிந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். முகம் கழுவித் தலை வாரி, சுவாமிக்கு விளக்கு வைப்பேன் என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னேன். எழுதுவார் என்று பார்த்தேன். அவர் துவாயை நனைத்து என் முகத்தைத் துடைத்தார். சொன்னபடி விளக்கையும் ஏற்றினார். பிறகு எனக்குப் பின்னால் நின்று தலை வாரிப் பின்னத் தொடங்கினார். பதமான கை.

"இன்னும் இறுக்கிப் பின்னுங்கோ, மாமி" என்று என் வாயில் தமிழில் வந்துவிட்டது.

எனக்கு நோகிறது என்று நினைத்தார் போலும். பின்னியதை அவிழ்த்து, முன்னையிலும் தளர்வாகப் பின்னிவிட்டார். பத்தரை மணிக்கு விரல்கள் இளகின. அதை அவிழ்த்து இறுக்கிக் கட்ட எனக்கு மனம் வரவில்லை.