மூன்றாவது டம்ளர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. போன ஆடி அமாவாசை அன்று, பட்டப்பகலில், தென்காசியில் எங்கள் வீட்டிலேயே இது நடந்தது.

தாத்தா குடித்தே செத்தார். அப்பாவும் அப்படித்தான். எனக்கு டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

"பரம்பரையா வரும். வந்தே தீரும்னு இல்ல. ஆனா மத்தவங்களைவிட உங்களுக்கு ஆபத்து அதிகம். முதல் டம்ளரையே தொடாதீங்க."

தொட்டதில்லை. அதை நம்பித்தான் மஞ்சு எனக்குக் கழுத்தை நீட்டினாள். அந்த அமாவாசையன்று அவளுக்கு ஏழாவது மாதம்.

செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டுமாம். முப்பிடாதி சித்தப்பா பிராந்தியோடு வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பாவைக் கொன்னதே இதுதான, சித்தப்பா?"

"ஒருநாள்தானலே. ஆத்மா ஏங்கிரும்லா."

தாத்தாவுக்கு ஒரு டம்ளர், அப்பாவுக்கு ஒரு டம்ளர். அவரே ஊற்றி வைத்தார். செத்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் நின்றோம். சாரல் முகத்தில் அடித்தது. மணி ஒன்றே கால்.

உள்ளே 'ணங்' என்று ஒரு சத்தம்.

"பூனையா இருக்கும்" என்றார் சித்தப்பா. எங்கள் வீட்டுக்குப் பூனை வராது.

பிறகு... மடக்... மடக்...

அப்புறம் இருமல். முதல் வாய் உள்ளே இறங்கியதும் அப்பா இருமும் அதே இருமல்.

என் தொண்டை எரிந்தது.

மஞ்சு மூக்கைப் பொத்தினாள். "குடிச்சியளா?"

"உன் பக்கத்துலதானட்டி நிக்கேன்..."

என் வாய் நாறியது. எனக்கே தெரிந்தது.

கதவைத் திறந்தோம்.

இலைச் சோறு அப்படியே. இரண்டு டம்ளரும் அப்படியே. நடுவில் மூன்றாவதாக ஒன்று...

காலி.

என் காதுகுத்துக்கு மாமா என் பெயர் வெட்டித் தந்த எவர்சில்வர் டம்ளர். அப்பா கடைசிவரை அதில்தான் குடித்தார். மகன் பெயர் போட்ட டம்ளர்தான் அவருக்கு வாகாக இருந்ததாம்!

"எம்பிள்ளைக்கு இது வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மஞ்சு அன்றே ஐந்தருவிப் பக்கமுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை. குழந்தையையும் நான் பார்க்கவில்லை. என் மேல்தான் தப்பு என்று ஊரே நினைக்கிறது.

அந்த டம்ளரை அங்கே வைத்தது யார் என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் அதைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றாள்.

"உங்கப்பா செத்த அன்னைக்கே அவரு கையில வச்சு சுடுகாட்டுக்கு அனுப்பிட்டனே துரை... உன்கிட்ட வரக்கூடாதுன்னு, அவரோடவே எரியட்டும்னு."