புகார் டாக்டர் நடத்திய வகுப்பு

மஞ்சள் சட்டைக்காரர்கள் கிளம்பிப் போனது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டர் முறையைச் சொல்லிக்கொடுக்க வந்திருந்த கம்பெனி ஆட்கள் அவர்கள். நோயாளியின் விவரம், மருந்து, ரத்தப் பரிசோதனை, சாப்பாடு எல்லாமே இனிமேல் திரையில்தான் என்று ஆன நாளிலிருந்து வார்டுக்கு ஒருவராகக் காவல் நின்றார்கள். அன்றைக்கு வாசலில் வேன் வந்தது. சட்டைகளைக் கழற்றி மூட்டை கட்டி, எல்லோருக்கும் கையசைத்துவிட்டு ஏறிக்கொண்டார்கள். வேன் தெருமுனை திரும்புவதற்குள் மூன்றாம் மாடி பிரிண்டர் மூச்சை நிறுத்தியது.

"இப்ப யாரைக் கூப்பிடறது?" என்றார் வார்டு சிஸ்டர்.

எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. அங்கே நின்றவள் இரண்டாம் வருட ரெசிடென்ட். படித்துப் பட்டம் வாங்கிய பிறகும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து வேலை பழகுகிற இளம் டாக்டர்களில் ஒருத்தி. மஞ்சள் சட்டைக்காரர்களை அவள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. தலைவலி மாத்திரைக்கு எதற்கு நாலு எச்சரிக்கை? எடை எழுதும் கட்டம் ஏன் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது? கேட்டுக் கேட்டு அவர்களைத் துளைத்தெடுத்துவிட்டாள். 'புகார் டாக்டர்' என்ற பெயர் அவர்கள் வைத்துவிட்டுப் போனதுதான்.

அவள் துறைக்குத் தலைவரான பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைத் தலையில் கட்டினார்.

"நீதானே அதிகமா குறை சொன்ன? இனிமே மத்த ரெசிடென்ட்டுக்கெல்லாம் நீயே சொல்லிக்குடு."

"சார், இது ஒழுங்கா நடக்கணும்னுதான் குறை சொன்னேன்."

"நானும் அதுக்குத்தான் சொல்றேன். வாரத்துல ஒரு மணி நேரம் எடுத்துக்கோ. மூணு மாசம் பாக்கலாம். அப்புறம் நிரந்தரமா வைக்கிறதா, இழுத்து மூடறதான்னு பயிற்சிக் குழு முடிவு பண்ணட்டும்."

வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினாள். ஆனால் தொடங்கியபின் அந்த வகுப்பு அவள் மனதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. காரணம் இருந்தது. திரையில் எச்சரிக்கை வந்தால் படிக்காமலே தள்ளிவிட அவள் விரலே பழகியிருந்தது. ஒருநாள் அப்படித் தள்ளிய மருந்து அந்த நோயாளிக்கு ஆகாத மருந்து. மருந்தகத்தில் ஒருவர் போன் போட்டு நிறுத்தியதால் நோயாளி தப்பித்தார். புத்தகத்தில் படித்த வைத்தியம் முழுக்க இந்தத் திரை வழியாகத்தான் போய்ச்சேர வேண்டும் என்றால், திரையைப் படிப்பதும் வைத்தியம்தானே? அதை யாருமே சொல்லித்தரவில்லை. இந்த ஒரு மணி நேரம் நிலைத்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

பழகுவதற்கென்று ஒரு தனித் திரை உண்டு. அதில் என்ன செய்தாலும் நிஜத்தில் எதுவும் நடக்காது. அதற்கு ஒரு பொய் நோயாளி தேவைப்பட்டபோது கற்பனைக்கெல்லாம் எங்கே போவது என்று தன் அப்பாவையே தூக்கிப் போட்டுவிட்டாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொஞ்சம் களைத்துப்போன சிறுநீரகம், பென்சிலின் ஒவ்வாமை எல்லாம் இருந்தன. பாடத்துக்கு இதைவிட வசதியான உடம்பு கிடைக்காது.

அப்பாவுக்கோ ஒரே பெருமை. அவள் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்:

"என்னம்மா, இன்னைக்கு யாரு என்னைக் கொன்னது?"

"ரெண்டு பேருப்பா. ஒருத்தர் பென்சிலின் குடுத்துட்டாரு, இன்னொருத்தர் சர்க்கரை மாத்திரையை ரெண்டு தடவை எழுதிட்டாரு."

"போன வாரத்துக்குத் தேவலையே. பசங்க முன்னேறிட்டாங்க."

"வாயைக் கழுவுங்க முதல்ல," என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் வரும்.

வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் 'அவசரம்'. சாப்பிடுவதும் நடப்பதும் பேசுவதும் ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி. ஒரு செவ்வாய்க்கிழமை அவன் டியூட்டியில் இருந்துகொண்டே வகுப்புக்கும் வந்தான். பழகும் திரை ஒரு பக்கம், நிஜத் திரை ஒரு பக்கம், இரண்டையும் திறந்துவைத்திருந்தான். 'இந்த நோயாளியை அவசரமாக அட்மிட் செய்து தேவையானதை எழுதுங்கள்' என்பது அன்றைய பயிற்சி. அவன் எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு ஓடிப்போனான். முடித்தது நிஜத் திரையில்.

கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. அப்பா.

"ஏம்மா, நான் உங்க ஆஸ்பத்திரில அட்மிட் ஆயிருக்கேனாமே? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"என்னப்பா உளர்றீங்க?"

"போன்ல மெசேஜ் வந்திருக்கு. மூணாவது மாடி, ஜன்னலோரப் படுக்கை. நல்ல இடமாத்தான் குடுத்திருக்காங்க."

பயிற்சியில் அப்பாவின் போன் நம்பரையும் அப்படியே கொடுத்திருந்தது அவளுக்கு நினைவு வந்தது. மேலே ஓடினாள். அதற்குள் காலிப் படுக்கைக்கு உப்பில்லாச் சாப்பாட்டுத் தட்டு வந்து ஆறிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போக வந்தவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கழிவறைக் கதவையெல்லாம் தட்டினார். "ஐயா, உள்ள இருக்கீங்களா?" வார்டு சிஸ்டர் இடுப்பில் கைவைத்து நின்றார். "அந்தப் பெரியவர் எங்க டாக்டரம்மா? எழுந்து ஓடிட்டாரா?" நிஜமாகவே அந்தப் படுக்கைக்கு வரவேண்டிய ஒரு அம்மா கீழே பெஞ்சில் காத்திருந்தார்.

பெரிய டாக்டர் குதித்தார். அவசரத்தின் முகம் வெளிறிப்போயிருந்தது. அவள் அவனை முந்திக்கொண்டாள்.

"பயிற்சியை அமைச்சது நான் சார். ரெண்டு திரையும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு, நானும் எச்சரிக்கல. நிஜ நம்பரைக் குடுத்ததும் நான்தான்."

"அடுத்த வாரத்தோட வகுப்பு முடிஞ்சுது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசி வகுப்புக்கு, என்ன வேடிக்கை, உட்கார இடமில்லாத கூட்டம். இல்லாத நோயாளியின் கதை அதற்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியிருந்தது. அவள் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை.

"எல்லாரும் எழுந்திருங்க. போன வாரம் எங்கப்பாவுக்காக நம்ம அவசரம் தட்டின ஒவ்வொரு தட்டும் எங்கெங்க போச்சுன்னு நடந்தே பார்ப்போம்."

மருந்தகம் போனார்கள். எக்ஸ்ரே அறைக்குப் போனார்கள். அவசரத்தைக் கண்டதும் நாற்காலி தள்ளுகிறவர், "வாங்க தம்பி, உங்க பெரியவர் கிடைச்சாரா?" என்றார். கடைசியாகச் சமையல்கூடம். அங்கே மூலையில் ஒரு பிரிண்டர், யாருக்கு என்ன சாப்பாடு என்று அச்சடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. அவசரம் அதை உற்றுப் பார்த்தான்.

"இது எப்பப்ப அடிக்கும்ணே?"

"அடுப்பு பத்த வைக்கும்போது ஒரு தடவை தம்பி. அதுக்கப்புறம் அடுத்த வேளைக்குத்தான்," என்றார் சமையல்காரர்.

"அக்கா, அப்போ நடுவுல நாம 'சாப்பாடு நிறுத்து'ன்னு போட்டா இங்க வராதா? அதான் வெறும் வயித்தோட ஸ்கேனுக்கு வரவேண்டியவங்கெல்லாம் ஏப்பம் விட்டுட்டு வர்றாங்களா!"

சிரிப்பு வெடித்து, வாசல் பக்கமிருந்து சட்டென்று அடங்கியது. ரெசிடென்ட் ஒருவரையும் காணோமே என்று தேடிக்கொண்டு வந்த பெரிய டாக்டர் அங்கே நின்றிருந்தார். ஏப்பம் விட்டு வந்தவர்களுக்காக அவர் வார்டு சிஸ்டரை வறுத்தெடுத்தது எல்லோருக்கும் தெரியும். பிரிண்டரை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார்.

"சிஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார். பிறகு, "மருந்தகத்துக்குப் போயாச்சா? என்னை விட்டுட்டா போனீங்க?"

பயிற்சிக் குழுவுக்கு எழுதுவதாகச் சொன்னார். குழு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. இதற்குள் அவளுடைய பயிற்சியின் அடுத்த கட்டம் வந்து, வேறு ஊரிலிருந்த கிளை ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வேலை கழுத்து வரை. அப்பா மட்டும் போனில், "நான் உயிரோட இருக்கேனா, இல்ல என் ஃபைலை மூடிட்டாங்களா?" என்று விசாரிப்பார். தெரியாது என்பாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். பெரிய டாக்டரைக் கேட்கலாம்தான். இல்லை என்று சொல்லிவிட்டால்? கேட்காமலே இருந்தாள்.

இறுதி வருடத்தின் பாதியில், நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் தேநீரோடு உட்கார்ந்தபோது, பயிற்சி அலுவலகத்திலிருந்து தானாகவே அனுப்பப்படும் செய்தி ஒன்று அவள் போனுக்கு வந்தது. வாசித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

'அனைத்து ரெசிடென்ட் மருத்துவர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டுள்ள "திரையிலிருந்து படுக்கை வரை" வாராந்திர வகுப்பில் தாங்கள் இதுவரை ஒருமுறைகூடக் கலந்துகொள்ளவில்லை என்று எங்கள் பதிவு காட்டுகிறது. வகுப்பில் சேராதவர்கள் பயிற்சியை நிறைவு செய்தவர்களாகக் கருதப்பட மாட்டார்கள். நடப்பதற்கு வசதியான காலணி அணிந்து வரவும்.'