அப்பா பெயின்ட் அடிக்காத சுவர்

பத்து வயது முடிவதற்குள் நான் பன்னிரண்டு வீடுகளில் குடியிருந்துவிட்டேன். எல்லாம் புத்தம் புது வீடுகள். எதிலும் ஒரு நாற்காலி கிடையாது.

அப்பா பெயின்டர். அம்மா இறந்த பிறகு வாடகை அறையைக் காலி செய்துவிட்டு, எங்கே வேலையோ அங்கேயே என்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு போய்த் தங்கினார். தங்கைக்குக் குண்டூசி என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். உடம்பும் அப்படி, வாயும் அப்படி. பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டாவது கோட் அடித்து முடிக்கும் நாளில் அப்பா, "மூட்டை கட்டுங்கடி செல்லங்களா" என்பார். ஆளுக்கொரு துணிப்பையோடு அடுத்த வீட்டுக்குப் புறப்படுவோம்.

சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. காலி ஹாலில் கத்தினால் வீடே திருப்பிக் கத்தும். பெயின்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டால் அதுதான் சோபா. எந்த அறை யாருக்கு என்று எனக்கும் குண்டூசிக்கும் தினமும் குடுமிப்பிடிச் சண்டை. அப்பா ஏணி மேல் நின்றபடி, "மகாராணிகளா, மெதுவா! அரண்மனை இடிஞ்சிடப் போகுது" என்பார்.

அதற்காக மற்றதை மறைக்க மாட்டேன். பாதி வீடுகளுக்குக் கதவு மாட்டியிருக்காது. குழாயில் தண்ணீர் வராது. பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாடையில் குண்டூசி ஓயாமல் இருமுவாள். அப்பா முதுகைத் தடவிக் கொடுப்பார், ஜன்னலைத் திறந்து வைப்பார், அவ்வளவுதான். பாசம் இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார் மனிதர். அதில் எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம் உண்டு.

மாட்டிவிட்டது என் வாய்க்கொழுப்புதான். பள்ளியில் 'எங்கள் வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, ஏழு அறை, மூன்று குளியலறை என்று பெருமையாக எழுதிவிட்டேன். அடுத்த கட்டுரை வந்தபோது நாங்கள் வேறு வீட்டில் இருந்தோம். அதில் இரண்டே அறை; அதையும் அப்படியே எழுதினேன். டீச்சருக்குச் சந்தேகம் வந்து, ஒரு நாள் என் கூடவே வந்துவிட்டார். சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே படுத்து இருமிக்கொண்டிருந்தாள் குண்டூசி.

மறுவாரம் குழந்தைகள் நல அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்கவே சிரிக்காத அம்மா.

"பிள்ளைங்கள அடிக்கிறீங்களா?"

"ஐயோ, கை ஓங்கினது கூட இல்லம்மா."

"சாப்பாடு?"

"நான் பட்டினி கிடந்தாலும் அதுங்களுக்குப் போட்டுடுவேன்."

"வீடு எங்க?"

அப்பா கையிலிருந்த பிரஷைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார்.

"பூட்டறதுக்கு ஒரு கதவு, குடிக்கத் தண்ணி, இருமாம தூங்க ஒரு இடம். அப்பான்னா இதையும் செஞ்சுதான் ஆகணும். ஒரு மாசம் டைம் தரேன். இல்லேன்னா ரெண்டு பேரையும் விடுதிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

அந்த அம்மாவை அன்று நான் மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை. அவர் கேட்டது நியாயம்தான் என்று புரிய, எனக்கே பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

அப்பா நாயாய் அலைந்தார். இருபத்தெட்டாம் நாள் ஒரு மாடியில் ஒற்றை அறை கிடைத்தது. கதவு, தாழ்ப்பாள், குழாய், இரண்டு ஜன்னல் எல்லாம் இருந்தன. சுவர்கள் மட்டும் பார்க்கச் சகிக்காது. அதிகாரி வருவதற்குள் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்று, வாடை வராத பெயின்ட்டாக வாங்கி மூன்று சுவர்களுக்கு வெளிர் மஞ்சள் அடித்துவிட்டார். நான்காவது சுவரில் பட்டி காய்ந்திருந்தது. அவர் பிரஷை நனைத்த நேரம் பார்த்து அதிகாரி வந்து நின்றார்.

கதவைச் சாத்திப் பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார். பிறகுதான் குண்டூசியைக் கவனித்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, மடியில் துணிப்பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"இன்னும் ஒரு சுவர்தானே இருக்கு. அது முடிஞ்சதும் அடுத்த வீட்டுக்குப் போகணும்ல."

போச்சு, பாவி காரியத்தையே கெடுத்துவிட்டாள் என்று பல்லைக் கடித்தேன். அப்பா பிரஷைக் கீழே வைத்தார். வந்து அவள் காலடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"இந்தச் சுவர நான் அடிக்கவே போறதில்லடி. போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மறுபடியும் வந்து பார்ப்பேன்" என்று மட்டும் சொன்னார். மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் நாங்கள் அங்கேயேதான் இருந்தோம்.

ஊர் முழுக்கப் பெயின்ட் அடித்தவர் அந்தச் சுவரைத் தொடவே இல்லை. வந்தவர் போனவரெல்லாம் "பெயின்டர் வீட்டு லட்சணத்தப் பாரு" என்று கேலி செய்வார்கள். அப்பா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எங்கள் உயரத்தை வருஷா வருஷம் பென்சிலால் அதில்தான் குறித்தார். எங்களுக்குக் கல்யாணமான பிறகும் அங்கேயே இருந்தார். கூப்பிட்டால், "எனக்குத்தான் வீடு இருக்கே" என்பார்.

போன மாதம் அப்பா காலமானார். வீட்டுக்காரர் தங்கமான மனிதர். "அந்த ஒரு சுவர மட்டும் அடிச்சுக் கொடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். ஆள் வைக்கலாம் என்றால் குண்டூசி கேட்கவில்லை. நாற்பதைத் தாண்டியவள், அப்பாவின் பிரஷை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, மேலிருந்து கீழ்வரை அவளே அடித்தாள். பென்சில் கோடுகளைக் கடைசியாக மூடினாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, செருப்பை மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சிடுச்சுக்கா" என்றாள். "இப்பக் கிளம்பலாம்."

அப்பா போன அன்றுகூட அழாத நான், அங்கேதான் ஓவென்று அழுதேன்.