வெளியாளுக்கு ஒரு மான்

இத்தாலியின் பலேர்மோ நகரில், கால்சாப் பகுதியில் நான் வாடகைக்குத் தங்கியிருக்கும் வீட்டின் சமையலறை. வீட்டுக்காரக் கிழவர் மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவுக்குப் போய் ஒரு எல்க் மானைச் சுட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அங்கே அதற்கு மாநில அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்குப் பெரும்பங்கு, வெளியாட்களுக்குச் சொற்பம். அதுவும் குலுக்கலில், பல மடங்கு கட்டணத்தில். அந்நியன் கையால் சாவதற்கும் மானுக்கு ஒதுக்கீடு வைத்திருக்கிறார்கள்.

விண்ணப்பத்தை நிரப்புகிறவர் யோகன் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், இந்த வீட்டில் சமையலும் துப்புரவும் அவர்தான். இங்கே வசிப்பதற்கான அனுமதியை, பெர்மெசோவை, வருடக்கணக்காகப் புதுப்பித்துப் புதுப்பித்துத் தேர்ந்தவர்; படிவம் என்றாலே தெருவே அவரைத்தான் தேடி வருகிறது.

"இந்த வருஷம் குலுக்கலில பேர் விழாட்டில் ஒரு புள்ளி குடுப்பினம். புள்ளி சேரச் சேர வாய்ப்புக் கூடும்," என்று எனக்குச் சொல்லிவிட்டு, அதையே கிழவருக்கு இத்தாலியத்தில் சொல்கிறார். கிழவர் மேசையில் குத்திக் கத்துகிறார். அண்ணை இத்தாலியத்திலேயே ஏதோ பதில் சொல்கிறார்.

"என்ன சொல்றார்?" என்கிறேன்.

"வெளியாள் எண்டால் இப்பிடியோ நடத்துறது, தானும் மனுசன்தானே எண்டு கேக்கிறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

யோகன் அண்ணை தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து, கிழவரின் கடவுச்சீட்டைப் பத்திரமாக அதற்குள் வைக்கிறார்.

"எல்லாக் கடதாசியிலையும் ரெண்டு போட்டோக்கொப்பி எடுத்து வைக்கச் சொன்னன்."