நல்ல சாயமுள்ள ஸ்பீக்கர்

என் கணவருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஸ்பீக்கர் மட்டும்தான். இதை வெளியில் சொன்னால் கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள் என்பேன்.

நாங்கள் இருப்பது தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். நான் பதுளை டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். அவருக்குத் தோட்டத்து பெக்டரியில் வேலை. தேயிலைத் தூளை ருசி பார்க்கும் அறையில், வரிசையாகக் கோப்பைகளை வைத்து, தூளைக் கொதிநீரில் ஊறவைத்த சாயத்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் உறிஞ்சித் துப்புவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார். அவர்கள் பேசும் வார்த்தைகள் எல்லாம் இவருக்கு மனப்பாடம். சாயம், துவர்ப்பு, புகை, பச்சை வாடை. அங்கே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வேலை உண்டு. புகை என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் ஓடிப்போய் அடுப்பைப் பார்ப்பார். பச்சை வாடை என்றால் கொழுந்து சரியாக வாடவில்லை என்று அர்த்தம். இவர் அந்த வேலையை அங்கேயே விட்டுவிட்டு வார்த்தைகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

இவருக்கு வாய்த்த கூட்டாளி, பதுளையில் புடவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன். நானா என்றுதான் கூப்பிடுவோம். தங்கமான மனிதர். வாரம் முழுக்கச் சேலையை விரித்து அதன் அருமை பெருமைகளைச் சொல்லிச் சொல்லி, அந்தப் பேச்சை நிறுத்த முடியாமல் போன மனிதரும்கூட. ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் வேனில் ஏதாவது ஒரு ஸ்பீக்கர் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார்கள். நான் டீயை மேசையில் வைக்கும் சத்தத்துக்கே முகம் சுளிப்பார்கள்.

"நடுவுல நல்லா சாயம் இறங்குது நானா. மேலதான் கொஞ்சம் துவர்ப்பு," என்பார் இவர்.

"துவர்ப்பு இல்ல தம்பி. வொயில் சேலைய உதறினா ஒரு காத்து வருமே, அது."

"ஆனா அடியில லேசா பச்சை வாடை அடிக்குது."

"புதுப் பெட்டிதானே. துவைக்கத் துவைக்க இடுப்புல கட்டுற சாரம் மெத்துன்னு ஆகிற மாதிரி இதுவும் பழகிடும்."

என்ன பாட்டு, யார் பாடுகிறார்கள், அதில் என்ன சொல்லியிருக்கிறது, அந்தப் பேச்சே எடுக்க மாட்டார்கள். ஒரு தடவை, "பாட்டு நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். குழந்தை ஏதோ உளறிவிட்டதுபோல இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்மசிக்கு வருகிற தோட்டத்துப் பெண்கள் விலாவில் கையை வைத்து, "இங்க குத்துதுங்க, நேத்துலருந்து" என்பார்கள். அவ்வளவுதான். வலியையே அப்படிச் சொல்கிறவர்களை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வந்து, ஒரு மரப்பெட்டிக்கு இத்தனை வர்ணனையைக் கேட்பது எனக்குத் தலையெழுத்தா?

வீட்டோடு நின்றிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். பேச்சு கோயில் கமிட்டிக்குள்ளும் போனது.

எங்கள் கோயிலில் குழாய் ஸ்பீக்கர்கள் இருந்தன. காதைக் கிழிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் யாராவது செத்துப்போனால் அதில்தான் சொல்வார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு நேரம் மாறினால் அதில்தான். அடைமழையில் மண்சரிவு பயம் வந்தால், சரிவுக்குக் கீழே வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறவர்களை ஸ்கூலுக்கு ஏறி வரச் சொல்வதும் அதில்தான். அந்தக் கீழ் லயத்தில்தான் என் தங்கை இரண்டு பெண் பிள்ளைகளுடன் இருக்கிறாள். அவள் புருஷன் கொழும்பில் வேலை செய்கிறார். கீழே போன் சிக்னலும் எடுக்காது.

கமிட்டிக் கூட்டத்தில் இவர் எழுந்து, "குழாயில ஒரே கசப்புங்க. சாமி பாட்டு கசப்பா வரலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எல்லோருக்கும் பிடித்துப்போனது. நானா இரண்டு கறுப்புப் பெட்டிகளைக் கோயிலுக்கு அன்பளிப்பாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். வேற்று மதக்காரர் நல்ல மனதோடு தருவதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நான் பின்வரிசையில் இருந்து, "கீழ் லயத்துக்குக் கேக்குமா?" என்றேன்.

"கேக்குறது பெரிசில்ல. எப்படிக் கேக்குதுங்கிறதுதான் விஷயம்," என்றார் என் கணவர். தலைகள் ஆடின. குழாய்கள் இறங்கின, பெட்டிகள் மண்டபத்துக்குள் ஏறின.

பெட்டிகளை வைத்த மறுநாளே நான் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றேன். மேலே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஒரு முனகல்தான் வந்தது. மூச்சிரைக்க ஏறி வந்து சொன்னேன். மண்டபத்தில் இருவரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டி இன்னும் பழகலை," என்றார் இவர்.

"உங்கட காதும் பழகணும் தங்கச்சி," என்றார் நானா, அன்பாகத்தான்.

தேயிலையை வாய்க்குள் வைத்து ருசி பார்க்கலாம். சத்தம் மலை இறங்கிப் போக வேண்டும். இந்தச் சின்ன விஷயம் ஏன் இவர்களுக்குப் புரியவில்லை என்று நினைத்து நினைத்து எனக்கு அழுகையே வந்தது. யாரிடம் சொல்வது? கெட்டவர்களாக இருந்தால் சண்டை போடலாம். இவர்கள் ரசிகர்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை பகல் கிராம சேவகர் குடையோடு வந்து, கீழ் லயத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது, உடனே அறிவியுங்கள் என்றார். இவர்தான் மைக்கைப் பிடித்தார். மேல் லயத்தில் எங்கள் வீட்டுக்கு அந்தக் குரல் என்ன அழகாக வந்தது தெரியுமா! ரேடியோவில் செய்தி வாசிப்பவர் தோற்றார். திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வாசலில் நின்று கீழே இருந்து ஏறி வரும் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தலையும் தெரியவில்லை.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினேன். தங்கை குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஸ்பீக்கர்ல கூப்புடுறாங்களே, கேக்கலையாடி?"

"என்னமோ உறுமுச்சு. இடின்னு நெனச்சேன்க்கா."

மாவுக் கையோடு அவளை இழுத்தேன். அவள் சின்னவளைத் தூக்கிக்கொண்டாள், பெரியவளை நான் பிடித்துக்கொண்டேன். கதவு கதவாகத் தட்டி, தொண்டை கிழியக் கத்தி, எல்லோரையும் ஏற்றிக் கொண்டுவந்து ஸ்கூலில் விட்டேன். என் குரலில் என்ன சாயம் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் இவர் ஸ்கூலுக்கு வந்தார். எல்லோரும் தன் அறிவிப்பைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல. என் பக்கத்தில் குந்தி, "மழையோட சேந்து குரல் எப்படி வந்துச்சு?" என்று மெல்லக் கேட்டார்.

அவ்வளவு பேர் முன்னால் நான் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. "நல்லா சாயமா வந்துச்சுங்க. துவர்ப்பும் இருந்துச்சு. அதக் கேட்டு ஆள்தான் ஒருத்தரும் வரல!"

பொழுது சாயும் முன்னே லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு இறங்கியது. தங்கை வீட்டுக் குசினி இருந்த இடத்தில் சேறும் ஒரு தேயிலைச் செடியும்தான் கிடந்தன. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள்.

மழை விட்ட பிறகு சாமான்களைத் தேடிப் போனோம். இவர் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார். நானாவும் வந்திருந்தார், கடையில் இருந்து பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை எடுத்துக்கொண்டு. அதைத் தங்கையிடம் கொடுத்துக் கண் கலங்கினார். பிறகு இவர் பக்கத்தில் போய் நின்று, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார்.

"பெட்டி மழையில எப்படி இருந்திச்சு தம்பி?"

"கேக்கலை நானா."

"எது? மேல் சத்தமா, அடிச் சத்தமா?"

என் கணவர் மறுபடி மண்ணை வெட்டத் தொடங்கினார். பக்கத்தில் என் தங்கை சேற்றுக்குள் கையை விட்டு, பெரியவள் ஸ்கூலுக்குப் போட்டுப்போகும் சப்பாத்தில் ஒரு காலை இழுத்தெடுத்தாள். அதைக் கவிழ்த்துச் சேற்றைக் கொட்டினாள். மற்றக் கால் கிடைக்கவில்லை.

"கேட்டிருந்தா இதையாவது எடுத்து வச்சிருப்பேன்," என்றாள்.