உபவாச நாளில் வந்த சர்க்கரைத் தண்ணீர்

நான் சாகக் கிடந்தேன். என்னைச் சுற்றி உட்கார்ந்து கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இப்படித் தொடங்கினால் எங்கள் சபையார் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். ஸ்தோத்திரம் சொல்லித்தான் சாட்சியைத் தொடங்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். என் ஆண்டவருக்கு மனதாரச் சொல்கிறேன், ஸ்தோத்திரம். மற்றவர்களைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

என் பெயர் கிரேஸ் மேரி. மைசூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் சபை அக்ரஹாரத்தை ஒட்டிய ஒரு தெருவில், வாடகை வீட்டு மாடியில் கூடுகிறது. எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஆபீஸ் லீவு என்பதால் அன்று பெண்களுக்கு உபவாச ஜெபம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும். மதியம் மூன்று மணிக்கு ஜெபம் முடிந்ததும் கீழே பாயை விரித்துப் பிரியாணி, கேசரிபாத், மைசூர்பாகு. பட்டினி கிடந்த வயிறு சும்மா இருக்குமா? கல்யாண வீட்டில்கூட அப்படிச் சாப்பிட்டதில்லை.

இது போதாதென்று வாரா வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். போகிற வீட்டில் எல்லாம் கேக், இனிப்பு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. வேண்டாம் என்றால் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிடும். “ஜெபிச்சுட்டுச் சாப்பிட்டா ஒண்ணும் செய்யாது சிஸ்டர்” என்று தட்டைக் கையில் திணிப்பார்கள். நானும் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத் தின்றேன். ஆபீஸில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத வேலை. வீட்டுக்கு வந்தால் சோபா. நடந்தது என்று பார்த்தால் பஸ் ஸ்டாப் வரைக்கும்தான்.

சர்க்கரை வந்தது. வராமல் என்ன செய்யும்? டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, “இதைப் போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும், வேளை தவறக் கூடாது” என்று சொன்னார். இனிப்பை விடச் சொன்னார், நடக்கச் சொன்னார். எனக்காக ஜெபியுங்கள் என்று பாஸ்டரின் மனைவி, எங்கள் பாஸ்டரம்மாவிடம் போய் அழுதேன். அவர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“மாத்திரை போடறவங்க எல்லாம் சுகமாயிட்டாங்களா சிஸ்டர்? பாரத்தை ஆண்டவர் மேல போடுங்க. விசுவாசம் எங்கே போச்சு?”

அன்றிலிருந்து மாத்திரையை யாருக்கும் தெரியாமல் போட ஆரம்பித்தேன். திருட்டுப் பூனை பால் குடிக்கிற மாதிரி, பாத்ரூமுக்குள் போய்ப் போடுவேன்.

தசரா முடிந்து ஊர் அடங்கியிருந்த சமயம். அந்த மாத உபவாச நாளில் காலை மாத்திரையைப் போட்டேன். மாத்திரை சாப்பாடு இல்லையே, உபவாசம் கெடாது என்று நினைத்தேன். சாப்பாட்டை ஆண்டவருக்கு விட்டேன். வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். மதியம் நெருங்கும்போது கை நடுங்கியது. ஜாக்கெட் வியர்வையில் ஒட்டிக்கொண்டது. எதிரே இருந்தவர்கள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். எழுந்து தண்ணீர் குடிக்கலாம் என்று நினைத்தேன். அப்படியே சாய்ந்துவிட்டேன்.

“ஆவியானவர் இறங்கிட்டார்! விடாதீங்க, பாடுங்க!” பாஸ்டரம்மாவின் குரல்தான். யாரோ என் மேல் சால்வையைப் போர்த்தினார்கள். சர்க்கரை கொடுங்கள் என்று சொல்லப் பார்த்தேன். நாக்கு குழறியது. அந்நிய பாஷை பேசுகிறேன் என்று சொல்லி இன்னும் சத்தமாகத் துதித்தார்கள். அத்தனை பேரில் ஒருவராவது என் கையைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். ஐஸ் மாதிரி இருந்திருக்கும்.

அப்போதுதான் ஜெபித்தேன். எத்தனையோ வருடம் ஜெபித்ததெல்லாம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். “ஆண்டவரே, எனக்கு யாரையாவது அனுப்பும்.” அவ்வளவுதான். வேறு வார்த்தை வரவில்லை.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

பக்கத்து வீட்டு சரோஜம்மா. எங்கள் சத்தம் தாங்காமல் மாதக்கணக்காக வீட்டு ஓனரிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்த கன்னடக்கார அம்மா. அவருடைய கணவர் பல வருடச் சர்க்கரை நோயாளி, மதியம் படுத்துத் தூங்குகிறவர். “அந்த அம்மா வாயைக் கட்டும் ஆண்டவரே” என்று நாங்கள் உபவாசம் இருந்தே ஜெபித்திருக்கிறோம். என் ஆமென் சத்தமும் அதில் உண்டு. அன்றைக்கும் சண்டை போடத்தான் மாடி ஏறி வந்திருக்கிறார். வந்தவர் சால்வைக்குக் கீழே என் முகத்தைப் பார்த்தார்.

“முட்டபேடி அம்மா, முட்டபேடி!” தொடாதே, தொடாதே என்று பாஸ்டரம்மா குறுக்கே வந்தார்.

“அய்யோ, இவ்ரிகெ ஷுகர் கம்மி ஆகிதெ! பேக சக்கரெ கொடி!” என்று கத்தி, சரோஜம்மா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

இவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, சீக்கிரம் சர்க்கரை கொடு என்று அந்த அம்மா கத்திய பிறகுதான் எங்கள் ஆட்களுக்குக் கீழே கேசரிபாத்துக்கு வைத்திருந்த சர்க்கரை ஞாபகம் வந்தது. அவர் என்னைத் தூக்கித் தன் தோளில் சாய்த்து, விழுங்குகிறேனா என்று பார்த்துப் பார்த்து, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். கண் தெளிந்தபோது அவர் நெற்றிக் குங்குமம்தான் முதலில் தெரிந்தது. அவரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கும் கூட வந்தார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னார். பஸ் ஓட்டுகிற மனிதர், எதற்கும் அசையாதவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாராம்.

நான் இன்னும் படுக்கையில் இருக்கும்போதே ஞாயிறு ஆராதனையில் அறிவித்துவிட்டார்கள். கிரேஸ் சிஸ்டருக்குப் பெரிய அபிஷேகம், ஆண்டவரே தூக்கி நிறுத்தினார் என்று. சரோஜம்மா பெயரே வரவில்லை. அடுத்த வாரம் நான் போய் மைக்கைப் பிடித்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். பாதியிலேயே கீபோர்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள், நான் உட்கார்ந்தேன். விசுவாசத்தை விட்டு விலகிய பின்மாற்றக்காரி என்று பேச்சு வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். சபை வாயை மூட அண்டா மூடியும் போதாது.

சரோஜம்மா வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். வாங்கி வைத்துவிட்டு, “சத்தம் கம்மி மாடி” என்றார். சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது காலையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். மாத்திரையை எல்லோர் கண் முன்னாலும் போடுகிறேன். சாயந்திரம் கணவரும் நானும் நடக்கிறோம். ஜெபக்கூட்டத்தில் கேக் வந்தால் வேண்டாம் என்கிறேன், முகம் சுருங்கினால் சுருங்கட்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சர்க்கரையோடு வந்த பாத எரிச்சல் மட்டும் போகவில்லை. ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார். உடம்பு அவ்வளவு சுலபத்தில் மன்னிப்பதாக இல்லை.

போன மாதம் பாஸ்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. ரகசியம் பேசுகிற குரல்.

“சிஸ்டர், அந்த மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்துல சாப்பிடணும்?”

“யாருக்குக் கேக்கறீங்க?”

“எனக்குத்தான். ரொம்ப வருஷமா இருக்கு. பாஸ்டருக்குக்கூடத் தெரியாது.”

என்னைக் கூட்டத்தில் நிறுத்தி விசுவாசம் எங்கே என்று கேட்ட அதே வாய். நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. திட்ட முடியவில்லை.

“நான் டாக்டர் இல்லை. நாளைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க. உபவாசத்துக்குச் சாப்பிட்டுட்டு வாங்க” என்றேன்.

“எல்லாரும் என்ன சொல்லுவாங்க?” என்றார்.

அந்த மாத இரண்டாம் சனிக்கிழமை அவர் சாப்பிடாமல்தான் வந்தார். முன்னால் உட்கார்ந்து பாட்டை நடத்தினார். உதடு காய்ந்திருந்தது, மேலுதட்டில் வியர்வை. பாட்டில் ஒரு அடியை மறந்து, அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். உற்சாகம் என்று மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் எழுந்து போனேன். நான் கொண்டுபோயிருந்த டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு இட்லியை அவர் மடியில் வைத்தேன்.

“சாப்பிடுங்க பாஸ்டரம்மா. உங்களுக்குச் சர்க்கரை இருக்கு.”

பாட்டு நின்றது. அவர் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். இட்லியைப் பிட்டார். சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறார். அதற்காகவும் ஸ்தோத்திரம்.

இதைப் படிக்கிறவர்களே, ஜெபியுங்கள். ஆண்டவர் கேட்கிறார், எனக்குக் கேட்டார், நம்புங்கள். யார் மூலம் பதில் வரும் என்று மட்டும் நீங்கள் தீர்மானிக்காதீர்கள். உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டு முழங்கால் போடுங்கள்.